இரண்டாம் தரம் வரும் படம்

றஞ்சிதா அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் அவருடைய கண்ணைப் பற்றித்தான் சொல்வேன். மன்னார் ரவுனில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் நாங்கள் நான்கு பெண்கள் வேலை செய்தோம். நாள் முழுக்கக் கடலின் படம் பார்ப்பதுதான் வேலை. மேலே பறக்கும் ட்ரோன் எடுத்த படங்கள் அவை. ஒரு பெரிய படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி எங்கள் கணினிக்கு அனுப்புவார்கள். அதில் கடற்பசு உண்டா, இல்லையா, சந்தேகமா என்று அழுத்த வேண்டும். இல்லையென்றால் தெரிகிற அந்தப் பொருள் என்னவென்றும் குறிக்க வேண்டும். எங்கள் மூன்று பேருக்கும் பின்னேரமானால் கண் எரியும், தலை சுற்றும். அக்கா மட்டும் ஓலைத்தொடுவாயிலிருந்து பஸ்ஸில் வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் வேலை முடியும்வரை அசையமாட்டார். இது கல், இது ஆமை, இது வெறும் அலை என்று போய்க்கொண்டே இருப்பார்.

எனக்கு ஊர் முசலி. எனக்குக் கடலைவிட வயல்தான் பழக்கம். கண் அரை, வாய் ஒன்றரை என்று உம்மா என்னைச் சொல்வார். நாங்கள் எல்லாரும் சம்பளத்துக்கு வந்தவர்கள்தான். கடற்பசுவின் மேல் ஆசைப்பட்டு அந்த மாடிப்படி ஏறியவர் றொஷேல் மிஸ் ஒருவர் மட்டுமே. அவரும் மன்னார்ப் பிள்ளைதான். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு, எங்கள் கடலில் கடற்பசு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வந்திருந்தார்.

தொடக்கத்தில் படத்தின் கீழே இடத்தின் பெயர் இருந்தது. வங்காலைப் பக்கம் கடற்பசு உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் வங்காலை என்று எழுதியிருந்த படங்களில் எங்கள் எல்லாருக்கும் கடற்பசு தெரிந்தது. நான் கண்டது முழுவதும் உண்மையென்றால் வங்காலைக் கடலில் தண்ணீருக்கு இடமிருந்திராது. பிறகு மிஸ் அதே படங்களைப் பெயரில்லாமல் தந்தார். ஒன்றையும் காணோம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று சிரித்துத் தப்பப் பார்த்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

"அந்தக் காமாலை எல்லாருக்கும் இருக்கு ஸம்ஸியா. எனக்கும் இருக்கு. அதால எனக்கும் தெரியாமத்தான் இனிச் செய்யப் போறன்."

அன்றிலிருந்து படத்தில் இடமில்லை, தேதியில்லை. பல காலத்துப் படங்களையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினார்கள். எது எங்கே எடுத்தது என்பது யாழ்ப்பாணத்தில் இருந்த பேராசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரியும். எங்கள் மேசைகளுக்கு இடையில் பலகை அடித்தார்கள். ஒருத்தி படத்தை ஒருத்தி பார்க்கக் கூடாது, கண்டதைச் சொல்லவும் கூடாது. நான்கு பெண்கள் ஓர் அறையில் இருந்துகொண்டு "இஞ்ச பாருங்கோவன்" என்று சொல்லாமல் இருப்பது நோன்பைவிடக் கஷ்டம். இன்னொன்றும் இருந்தது. சில படங்கள் இரண்டாம் தரமும் வரும். முதல் தரம் கல் என்றவள் இரண்டாம் தரம் கடற்பசு என்றால் அவள் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும் அல்லவா? எந்தப் படம் அப்படி வருமென்று மிஸ்ஸுக்கும் தெரியாது.

எங்களுக்கு இதெல்லாம் பெரிய கெடுபிடியாகத் தெரிந்தது. அக்காவுக்கு மட்டும் புதிதாக இல்லை. தன் புருசனின் வள்ளத்திலும் இதே சட்டம்தான் என்றார். கடலில் ஏதாவது மிதப்பதைக் கண்டால், கண்டவன் அதன் பெயரைச் சொல்லக் கூடாதாம். "அங்க பார்" என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவன் தானாகப் பார்த்துப் பெயர் சொல்வான். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் கிட்டப் போவார்கள். சண்டைக் காலத்தில் கடலில் என்னென்னவோ மிதந்ததாம். பிணம் என்று ஒருவன் வாயைத் திறந்துவிட்டால் மற்றவனுக்கு மரக்கட்டையும் பிணமாகத் தெரியும் என்பதால் வந்த பழக்கம். ஓலைத்தொடுவாயில் எல்லாரும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. மில்ரன் அண்ணனும் அவருடைய தம்பி எமிலும் அப்படித்தான்.

அந்த மில்ரன் அண்ணன் வைகாசியில் எழும்பும் சோளகக் காற்று பலத்திருந்த ஒரு நாள் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

எப்போதும் எமிலோடு போகிறவர் அன்றைக்குத் தனியாகப் போனார். எமிலுக்குக் காய்ச்சல். ஊர் வள்ளங்கள் எல்லாம் தேடின, நேவியும் தேடியது. ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. நானும் மிஸ்ஸும் வீட்டுக்குப் போனபோது அக்கா அழவில்லை. எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எண்ணிப் பார்த்தால் கோப்பை ஒன்று கூடுதலாக இருந்தது. அதை ஒருவரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தக் கோப்பைதான் கண்ணுக்குள் நின்றது.

கடலில் போனவருக்குச் சேமக்காலையில் குழி இல்லை. உடலோ வள்ளமோ கிடைத்த இடத்துக்குச் சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு போய், தீர்த்தம் தெளித்து, செபமாலை சொல்லி, ஒரு தட்டில் மெழுகுதிரி கொளுத்தி மிதக்கவிட்டு வந்தால்தான் அக்காவின் ஆட்களுக்குத் துக்கம் தொடங்கும். தொடங்கினால்தான் ஒரு நாள் முடியும். இடம் தெரியாத மரணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தாலிக்கொடியோடு திரிகிறாள் என்று சிலர் சொன்னார்கள். கழற்றியிருந்தால் அவசரப்பட்டுவிட்டாள் என்று அதே வாய்கள் சொல்லியிருக்கும். மகள் கிருஷிகா பள்ளிக்கூடத்தில் தகப்பன் இருக்கிறாரா என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று தாயிடம் வந்து கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாராம் அக்கா. வீட்டில் பொழுதுபட்டால் கரைக்கு வரும் வள்ளங்களின் எஞ்சின் சத்தத்தில் ஒன்று அவருடையது மாதிரிக் கேட்கிறது என்று என்னிடம் சொன்னார். எழும்பிப் போய்ப் பார்ப்பதை விட்டுவிட்டார். கேட்பது மட்டும் விடவில்லை.

கொஞ்சக் காலத்தில் வேலைக்குத் திரும்பினார். பலகைக்கு அந்தப் பக்கம் அவருடைய மவுஸ் சத்தம் முன்போலவே சீராகக் கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. வேலை மனிசியைக் காப்பாற்றிவிடும் என்று நினைத்தேன். கடலில் புருசனைத் தொலைத்தவளை நாள் முழுக்கக் கடலைப் பார்க்க வைத்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஒரு காலை அந்தச் சத்தம் நின்றது. நின்றது நின்றதுதான். மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கேட்டேன்.

"அவர் கிடக்கிறார்," என்றார். "புல்லுக்கு நடுவில. வள்ளத்தின்ர அணியம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்குது. நீலம். அவர் பூசின வெள்ளைக் கோடும் தெரியுது."

பதறினால் எனக்கு வாய்தான் முந்தும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள் அக்கா, தண்ணீருக்கடியில் எதுதான் நீலமில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் நாக்கை நானே கடித்துத் துப்பலாம் போலிருந்தது. கையைப் பிடித்து மிஸ்ஸிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

மிஸ் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். கடலடிப் புல்வெளி, அதற்கு நடுவே நீளமாய் ஒன்று, அதன்மேல் வெளிறிய ஒரு கீற்று. எனக்கும் வள்ளம்தான் தெரிந்தது. முன்முனையில் அணியம் தெரிந்தது, கோடு தெரிந்தது. அக்கா சொல்லிவிட்ட பிறகு வேறொன்றும் தெரிய மறுத்தது.

"நான் இப்ப என்ன சொன்னாலும் அது நான் கண்டதில்ல அக்கா," என்றார் மிஸ். "நீங்கள் சொன்னதைத்தான் நானும் காணுறன்."

அடுத்த நாள் எமில் வந்தான். அக்கா தன் கதிரையில் அவனை இருத்தி, பக்கத்தில் நின்று, "அங்க பார்" என்றார். வேறொரு சொல் சொல்லவில்லை. வழக்கத்தை மீறவில்லை. அவன் ஒரு கணம் திரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அக்காவின் கன்னம் நனைந்திருந்தது. திரும்பத் திரையைப் பார்த்து, "அண்ணேன்ர வள்ளம்," என்று சொல்லி மேசையில் தலையை வைத்து அழுதான். காய்ச்சலில் படுத்திருந்த அந்த ஒரு நாளை அவன் அதுவரை யாரிடமும் அழுது தீர்த்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊரைப் பிடிக்க முடியவில்லை. சுவாமியாருக்குச் சொல்லியாயிற்று, மெழுகுதிரி வாங்கியாயிற்று, அடியில் மூழ்கிப் பார்க்கச் சுழியோடி ஒருவரையும் பேசியாயிற்று. இடம்தான் வேண்டும். அது யாழ்ப்பாணத்தில் இருந்தது. படம் பார்த்து முடியும்வரை எதையும் திறப்பதில்லை என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். எமில் படியேறி வந்து, மனிசனைவிட மாடு பெரிதோ என்று கத்தினான். எனக்கும் அவன் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. மிஸ் விடவில்லை.

"இடத்தை வாங்கித் தாறன். அது என்ர பொறுப்பு. ஆனா அது அவர் இல்லையெண்டா, ஒரு கல்லுக்கு மேல நிண்டு அவருக்குச் செபம் சொல்லிப்போட்டு வருவீங்கள். பிறகு தேடமாட்டீங்கள். எமில் அண்ணா, நீங்கள் படத்தைப் பாக்கேல்ல. மச்சாளின்ர முகத்தைப் பாத்தனீங்கள்."

அவன் கையை ஓங்கிவிடுவான் என்று பயந்தேன். அக்காதான் குறுக்கே பேசினார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"மிஸ் சொல்லுறது சரி எமில். வள்ளத்தில ரெண்டு பேரும் கடலைத்தான் பாப்பினம். ஆளின்ர முகத்தைப் பாக்கமாட்டினம்."

அப்படித்தான் மிஸ் யோசித்த ஒரு பரீட்சைக்கு அக்காவே சம்மதித்தார். எங்கள் வேனின் ட்ரைவர் ஹுசைன் நானாவுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. அவரிடம் ஒரு கட்டுப் படங்களைக் கொடுத்து, வேறொரு கரையில் மீன்பிடிக்கும் ஆட்களிடம் தனித்தனியாகக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டு வரும்படி மிஸ் அனுப்பினார். எந்தப் படத்துக்காக அனுப்புகிறோம் என்று அவருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் அந்தப் படம் வரும்போது அவர் குரல் மாறும், கேட்கிறவன் பிடித்துக்கொள்வான்.

பொழுதுபடத் திரும்பி வந்து, தன்னைப் பைத்தியக்காரன் ஆக்கிவிட்டோம் என்று புறுபுறுத்தபடி நானா ஒவ்வொரு படமாகச் சொன்னார். அந்தப் படத்துக்கு ஒருவர் கல் என்றாராம். இன்னொருவர் பாசி பிடித்த பாறை என்றாராம். மூன்றாமவர் கிழவர். உனக்கு என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்லு தம்பி, நான் அதையே சொல்கிறேன் என்றாராம். நானா அதைச் சொல்லிச் சிரித்தார். எங்களில் ஒருவரும் சிரிக்காததைக் கண்டு அவர் முகம் செத்துவிட்டது.

அக்கா தலையை ஆட்டினார். அவர்களுக்கு மில்ரனின் வள்ளம் தெரியாது, தெரியாதவன் எதைக் கண்டுபிடிப்பான் என்றார். அதிலும் ஞாயம் இருந்தது. கல்லைக் கல்லென்று சொல்ல வேற்று மனிதன் போதும். ஆனால் ஒரு வள்ளத்தை இன்னாருடையது என்று சொல்ல வீட்டு ஆள் வேண்டும். வீட்டு ஆளின் கண்ணோ முகத்தைப் பார்த்துவிடுகிறது. இதற்கு யாரிடம் போவது?

மிஸ் யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் எடுத்தார். நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். மிஸ் இங்கிலிஷிலும் தமிழிலும் மாறிமாறி மன்றாடுவது கேட்டது. ஃபோனை வைத்துவிட்டு அவர் எங்களைக் கூப்பிட்டபோது அவருடைய முகத்தை நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"இந்தப் படம் உங்களுக்கு ரெண்டாம் தரம் வந்தது அக்கா," என்றார். "முதல் தரம் வந்தது பங்குனியில."

பங்குனியில் சோளகம் தொடங்கியிருக்கவில்லை. பங்குனியில் மில்ரன் அண்ணன் பின்னேரங்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் படிக்கட்டுக்குக் கீழே நின்று, அக்கா இறங்கி வரும்வரை கடைக்காரரோடு பம்பலடித்துச் சிரிப்பார். தெருவில் நிற்கும் கழுதைகளைக் காட்டி, கழுதைக்கும் எனக்கும் இந்த ரவுனில் ஒரே வேலை, நிற்பதுதான் என்பார்.

"நான் என்ன சொன்னனான்?" என்று அக்கா கேட்டார்.

"கல்லு எண்டு."

எமில் சுவரில் சாய்ந்து கீழே குந்தினான். அக்கா அந்தத் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். படம் மாறவில்லை. அதே புல், அதே நீலம், அதே கீற்று.

"அண்டைக்கு அவர் வீட்டில இருந்தவர்," என்றார். "அதான் கல்லு கல்லாத் தெரிஞ்சிருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஊருக்கு அவரே சொல்லி வள்ளங்களை நிறுத்தினார். சுவாமியாரிடமும் அவரே போனார். வாங்கின மெழுகுதிரிகளைக் கடைக்காரன் திருப்பி எடுக்கவில்லை. அவை இன்னும் அவர் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன. போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

வேறு வேலை பார்த்துத் தருகிறேன் என்று மிஸ் எவ்வளவோ சொன்னார். அக்கா கேட்கவில்லை. சோளகத்துக்குப் பிறகு எடுத்த படங்களும் இப்போது கலந்து வருகின்றன. அதை மிஸ் மறைக்கவில்லை. எந்தச் சதுரத்திலும் அவர் இருக்கலாம். அப்படியானால் தன்னைத் தவிர வேறு யார் பார்ப்பது என்று அக்கா கேட்டார். ஆனால் அக்காவுக்கும் தன் கண்ணில் இருந்த நம்பிக்கை போய்விட்டது. முன்னே கல், ஆமை, அலை என்று விறுவிறுவென்று போனவர் இப்போது ஒவ்வொரு படத்திலும் நின்று நின்று போகிறார். பலகைக்கு இந்தப் பக்கம் நான் என் படத்தைப் பார்ப்பதா, அந்தச் சத்தத்தைக் கேட்பதா? சத்தம் ஒவ்வொரு தரம் நிற்கும்போதும் என் கையும் நிற்கும். திரும்பத் தொடங்கியதும் அல்ஹம்துலில்லாஹ் என்பேன்.

போன கிழமை அது நின்று, தொடங்கவில்லை. மற்ற இருவரும் வந்திருக்கவில்லை. மிஸ் கீழே போயிருந்தார்.

"ஸம்ஸியா," என்றார் அக்கா பலகைக்கு அப்பாலிருந்து. "அங்க பார்."

போகக் கூடாது என்று தெரியும். போனேன். அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி ஜன்னல் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். முகத்தை நான் பார்த்துவிடக் கூடாதென்றுதான். நான் திரையைப் பார்த்தேன். வெள்ளை மணல். ஓரத்தில் கொஞ்சம் புல். மணலில் பாதி புதைந்து நீளமாய் ஒன்று.

"என்ன தெரியுது?"

"கல்லு," என்றேன்.

அக்கா திரும்பினார். வந்து உட்கார்ந்து, கல் என்று குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மவுஸ் சத்தம் பழையபடி சீராகக் கேட்டது. நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோற்றுப் பார்சலை முழுவதும் சாப்பிட்டார்.

அது கல்தான். நீலம் எதையும் நான் காணவில்லை. ஆனால் என் கதிரையிலிருந்து எழும்பும்போதே, திரையைப் பார்க்க முன்னமே, யா அல்லாஹ் இது கல்லாக இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டுதான் போனேன். அக்கா முதுகைத்தான் காட்டினார். அந்த முதுகும் எனக்குப் போதுமாக இருந்தது. மிஸ்ஸிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் எமில் வருவான், அந்த மெழுகுதிரிகள் கீழே இறங்கும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். சொல்லவில்லை. முசலிக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடினால் மணலில் பாதி புதைந்த அந்த ஒன்று வருகிறது. ஒரு நாள் கல்லாக இருக்கிறது. மறுநாள் அதன் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது.

சில படங்கள் இரண்டாம் தரமும் வரும். வேறு ஆளுக்கும் வரும். ஒவ்வொரு காலையும் பிஸ்மி சொல்லித்தான் கணினியைத் திறக்கிறேன். அந்தப் படம் இன்னும் எனக்கு வரவில்லை.